தண்ணீர்ப் பிள்ளைக்கு ஒரு முழப் பட்டு

என் அண்ணி பகூலியைப் பற்றி இப்போது ஊரில் என்னென்னவோ சொல்கிறார்கள். பட்டுக்கூட்டைக் கீறி உள்ளே இருக்கும் புழுவை எடுக்கும்போது கண்ணீர் விடுவாளாம். பாவம் பார்த்து அதை வாயில் வைக்கவே மாட்டாளாம். சுத்தப் பொய். உப்புப் போட்டு வறுத்துக் கொடுத்தால் தட்டோடு எடுத்துக்கொண்டு அடுப்படி மூலையில் உட்கார்ந்துவிடுவாள். எனக்கு ஒன்று கொடு என்று கை நீட்டினால் கையைத் தட்டிவிடுவாள். உயிரோடு இருந்தவரை அவளை ராட்சசி என்றவர்கள், செத்த மறுமாதமே புனிதவதி ஆக்கிவிட்டார்கள். எங்கள் அம்பாத்துமேனாக்காரர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை.

நான் அவள் புருஷனுடைய தங்கை, வூனி. எனக்கு வாய்த்த புருஷன் வீடு சரிப்பட்டு வரவில்லை. திரும்பி வந்து அண்ணன் முற்றத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு நாத்தனாரும் அண்ணியும் ஒரே முற்றத்தில் இருந்தால் என்னவெல்லாம் நடக்குமோ அதெல்லாம் நடந்தது. என் கோழி அவள் நெல்லைக் கொத்தியதற்காக ஒரு மழைக்காலம் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு இருந்த பெயர் பட்டினால் வந்தது. எங்கள் மலைச்சரிவில் தாப்பியா மரக்காடு இருக்கிறது. அதன் இலையைத் தின்று வளரும் காட்டுப் பட்டுப்புழு இந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை என்பார்கள். இருக்கலாம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், செத்தவர்களுக்குப் போர்த்த அதைவிட நல்ல கோடி கிடையாது என்பதுதான். மண்ணுக்குள் வைத்தாலும் லேசில் மக்காது. கடைத்துணியில் கட்டி வைத்த அப்பன் ரெண்டே வருஷத்தில் கனவில் வந்து குளிருகிறது என்பான். பகூலி நெய்த துணியில் படுத்தவர்கள் யாரும் வந்து முறையிட்டதில்லை. அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை கல்லறை திறந்து, செத்தவர்களை வெளியே எடுத்துத் துணி மாற்றும் காலம் வந்தால் மூன்று மலை தாண்டியெல்லாம் ஆட்கள் எங்கள் முற்றத்துக்கு வருவார்கள். அவள் அவர்களை வா என்றுகூடச் சொல்லமாட்டாள். நான்தான் அடிப்பிடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து எல்லாருக்கும் குடிக்கக் கொடுப்பேன்.

அவள் பட்டில் கை வைத்தது அந்தக் குழந்தை போனதற்குப் பிறகுதான்.

எங்கள் பக்கத்தில் கைக்குழந்தையை அழகு என்று சொல்லிவிடக் கூடாது. பொறாமை பிடித்த எதுவோ கேட்டுக்கொண்டே இருக்குமாம், தூக்கிக்கொண்டு போய்விடுமாம். அதனால் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "ஐயே, என்ன அசிங்கம்" என்று சொல்லிவிட்டு ரகசியமாய் முத்தம் கொடுப்பார்கள். பகூலியின் பெண்ணை நாங்கள் எலிக்குட்டி என்று கூப்பிட்டோம். நல்ல பெயர் பிறகு வைக்கலாம் என்றிருந்தோம். என்னிடம் கேட்டால் அது உண்மையிலேயே அழகு. கன்னத்தில் குழி விழும். நானே வாய் தவறி ஒருமுறை சொல்லப்போய், நாக்கைக் கடித்துக்கொண்டு, "மூஞ்சியப் பாரு, வறுத்த கிழங்கு மாதிரி" என்றேன். பகூலிக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷம்.

நாற்று நடுகிற சமயத்தில் ஒரு நாள் வயலோரம் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் "ஆ" என்று கத்தினாள்.

"என்ன அண்ணி, அட்டையா?"

"அட்டை இல்ல வூனி. கடிச்சிட்டா! எலி கடிச்சிட்டா! இங்க வாயேன், விரல விட்டுப் பாரு."

சேற்றுக் கையைக் கழுவிவிட்டு விட்டுப் பார்த்தேன். கீழ் ஈறில் நொய்யரிசி போல ஏதோ தட்டுப்பட்டது. உண்டா என்றால் உண்டு, இல்லையா என்றால் இல்லை. "வந்துருச்சு போலிருக்கே" என்றேன். அவள் அன்றைக்கு நட்ட நாற்று அத்தனையும் கோணல்.

அதே வாரம் காய்ச்சல் கண்டது. வைத்தியர் இருக்கும் ஊருக்குப் போகிற பாதை மழையில் அறுத்துக்கொண்டு போயிருந்தது. ரட்சிம்பா, அதாவது என் சின்னண்ணன், அவள் புருஷன், பிள்ளையைத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைவரை போய்விட்டுத் திரும்பி வந்தான். மறுநாள் காலையில் எலிக்குட்டி போய்விட்டது.

பல் முளைக்காத பிள்ளை எங்களுக்குத் தண்ணீர்ப் பிள்ளை. எலும்பு இன்னும் கட்டவில்லை, ஆளாகவில்லை என்பார்கள். அதற்குக் குடும்பக் கல்லறையில் இடம் கிடையாது, பட்டு கிடையாது, ஒப்பாரியும் கிடையாது. பொழுது சாய்வதற்குள் ஆண்கள் எடுத்துக்கொண்டு போய் வயலோரச் சேற்றில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். பெற்றவள் கூடப் போகக் கூடாது. எந்த இடம் என்று கேட்கவும் கூடாது, கேட்டால் அடுத்தது தங்காது. பல் ஒன்று வெளியே வந்திருந்தால் எல்லாமே வேறு. அது மனுஷப் பிறவி. பாட்டன் பூட்டனோடு படுக்கும். துணி மாற்றும் நாளில் வெளியே வரும், தாய் மடியில் வைத்துக்கொள்ளலாம், பேசலாம், தோளில் தூக்கிக்கொண்டு ஆடலாம். இந்த ஒரு பல்லுக்குத்தான் பகூலி தன் ஆயுளைக் கொடுத்தாள்.

குடும்பத்தில் மூத்தவர் எங்கள் பெரியண்ணன் ரைனிசூவா. கல்லறைச் சாவி அவர் சொல். அவர் வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பல்லு இருக்கு பெரியத்தான்" என்றாள் பகூலி. "வூனியக் கேளுங்க."

"இருந்துச்சு பெரியண்ணே, நான் தொட்டேன்" என்றேன்.

"பொம்பளைங்க சொல்றத வச்சுக் கல்லறையத் திறக்க முடியுமா? ஒரு ஸ்பூன் கொண்டா."

கொண்டுவந்து கொடுத்தேன். உயிரோடிருக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் பார்ப்போம், கஞ்சி ஊட்டும்போது ஈறில் ஸ்பூனைத் தட்டினால் டிக் என்று கேட்கும், வீடே கைகொட்டும். அவர் எலிக்குட்டியின் வாயைக் கட்டைவிரலால் திறந்து ஸ்பூனால் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். வெளியே ஆகாயமே உடைந்தது போல மழை. எங்கள் வீட்டுக்கு அந்த வருஷம்தான் தகரக் கூரை போட்டிருந்தோம். எதிரில் இருக்கிறவன் பேசுவதே கேட்கவில்லை.

"சத்தம் இல்ல" என்றார்.

"மழை விடட்டும் பெரியத்தான்! மழை விட்டதும் தட்டிப் பாருங்க!"

"பொழுது சாயுறதுக்குள்ள வைக்கணும்மா. மழை நமக்காக நிக்குமா?"

நின்றது. பெரியண்ணனும் ரட்சிம்பாவும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளையை வாழைப்பட்டையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வயலைத் தாண்டிப் போன பிறகு நின்றது. தகரக் கூரைக்கு அடியில் நொய்யரிசிப் பல் ஒன்றின் சத்தம் அந்த மழையில் எவன் காதில் விழும் என்று நான் இன்றைக்கும் கேட்கிறேன். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

ரட்சிம்பா முழங்கால்வரை சேற்றோடு வந்து அடுப்புக்கு முன் உட்கார்ந்தான். பகூலி அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே என்று கேட்கவில்லை. கேட்டால் அடுத்தது தங்காதே. கேட்காமலேயே இருந்தாள், அடுத்தது வரவும் இல்லை.

அந்தப் பருவத்தில் பட்டுக்கூடு பொறுக்கும் பெண்களோடு அவளும் காட்டுக்குப் போக ஆரம்பித்தாள். லேசான வேலை இல்லை அது. அந்தப் புழுவுக்கு உடம்பெல்லாம் முள் மயிர். கூடு கட்டும்போது அந்த மயிரையும் சேர்த்தே கட்டும். தொட்டால் விரலில் ஏறிக்கொள்ளும், வாரக்கணக்கில் வீங்கும். மற்ற பெண்கள் கையில் பழந்துணி சுற்றிக்கொள்வார்கள். இவள் வெறுங்கையால் பறிப்பாள். சாம்பல் தண்ணீரில் வேகவைப்பாள், சாணத்தில் ஊறப்போடுவாள், ஓடையில் அலசுவாள், தொடையில் உருட்டி நூலாக்குவாள். முதல் துணி நெய்து முடித்தபோது போய்ப் பார்த்தேன். அகலம் ஒரு முழம். நீளமும் அதேதான்.

"இது யாருக்கு அண்ணி? கோழிக்குப் போர்த்தவா?"

"உன் வேலையப் பாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் கேலி செய்யவில்லை.

துணி மாற்றும் நாள் வந்தது. வாத்தியக்காரர்கள் ஊதிக்கொண்டு முன்னே போக, ஊரே பன்றிக்கறிச் சோறு தின்ற வாயோடும் சாராய வாடையோடும் கல்லறைக்குப் போனோம். பாட்டனை வெளியே எடுத்தார்கள், அத்தையை எடுத்தார்கள். அவரவர் தங்கள் ஆளை மடியில் வைத்துக்கொண்டு ஊர் நடப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையில்லாத பெண்களுக்குச் செத்தவர்களைக் கிடத்திய பழைய பாயில் ஒரு துண்டு கிழித்துக் கொடுப்பது வழக்கம், படுக்கைக்கு அடியில் வைத்தால் வயிறு திறக்கும். யாரோ ஒருத்தி பகூலிக்கும் ஒரு துண்டு நீட்டினாள்.

"எனக்கு இன்னொன்னு வேணாம்டி. இருந்ததக் குடுக்கச் சொல்லு" என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு நேரே பெரியண்ணன் முன்னால் போய் நின்றாள். இடுப்பிலிருந்து அந்த முழத்துணியை எடுத்தாள்.

"பெரியத்தான், என் பிள்ளைய எடுத்துட்டு வந்து உள்ள வைங்க."

வாத்தியம் நின்றுவிட்டது. பெரியண்ணன் கோபப்படவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

"பல்லில்லாதவங்களுக்குப் பட்டு இல்லம்மா. நான் வச்ச சட்டமா?"

"இந்தப் பட்டக் கட்டுற பூச்சியப் பாத்திருக்கீங்களா? கூட்ட விட்டு வெளிய வந்தா அதுக்கு வாயே கிடையாது. ஒரு வாய் தின்னாது, ஒரு சொட்டுக் குடிக்காது. முட்டைய வச்சிட்டுச் செத்துப் போகும். பல்லு என்ன, வாயே இல்லாததுக்கு இத்தன துணி இருக்கு. என் பிள்ளைக்கு ஒரு முழம் இல்லையா?"

சிலர் சிரித்தார்கள். சாராயச் சிரிப்பு. பெரியண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"பகூலி, நானும் ரெண்டச் சேத்துல போட்டவன்தான். என் பொண்டாட்டி இப்படி வந்து நின்னாளா?"

"அவங்களுக்குப் பட்டு நெய்யத் தெரியாது. சொல்லுங்க, உங்க ரெண்டுக்கும் சேத்தே நெய்யறேன்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து கல்லறைக்குப் பின்பக்கம் போய்விட்டார். வாத்தியக்காரர்களை யாரோ அதட்ட, அவர்கள் மறுபடி ஊத ஆரம்பித்தார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை கல்லறை திறக்கும்போதும் அவள் அந்தத் துணியோடு போய் நின்றாள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றார்கள். வம்பு பேசியவர்களுக்கு நல்ல தீனி. "பகூலி வந்தாச்சா, இனி கதவைத் திறக்கலாம்" என்று கிண்டல் செய்வார்கள். இதில் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. எங்கள் குடும்பத்துப் பெரியவர்களுக்கு அவள் ஒரு தடவையும் துணி இல்லை என்று சொன்னதே இல்லை. அவ்வளவு பேரையும் அவள் பட்டில்தான் சுற்றினோம். நானாக இருந்தால் அத்தனை பேரையும் கோணிச்சாக்கில் படு என்று விட்டிருப்பேன். கேட்டால், "அவங்க என்ன பண்ணாங்க? அவங்களோடதான அவ இருக்கணும்" என்றாள். பிள்ளை போய்ச் சேரப்போகும் வீட்டுப் பெரியவர்களுக்குச் சீர் செய்து வைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது.

ரட்சிம்பா நெஞ்சுச்சளியில் போனான். நல்லவன், அண்ணனுக்கு எதிரில் வாய் திறக்காத நல்லவன். அவன் படுத்திருந்தபோது நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "இனிமே என்ன அடுத்தது, தங்கறது? இடத்தக் கேட்டு வச்சுக்கோ அண்ணி."

"கேக்க வேணாம். எனக்குத் தெரியும்" என்றாள். "உழுவும்போது அந்த நாணல் பக்கம் வந்தா மாட்டக் கொஞ்சம் ஒதுக்கி ஓட்டுவாரு. ஒவ்வொரு வருஷமும் பாத்திருக்கேன். அங்கதான்."

அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

பிறகு ஒரு வறட்சி வருஷத்தில் காடு எரிந்தது. இளம்புல் வேண்டும் என்று மாட்டுக்காரர்கள் யாரோ வைத்த நெருப்பு காற்றில் சரிவு முழுக்க ஏறிவிட்டது. தாப்பியா மரத்துக்குப் பட்டை தடிமன், கருகினாலும் துளிர்க்கும். புழுவுக்கு ஏது தடிமன்? அடுத்த பருவம் பகூலி காடு முழுக்க நடந்துவிட்டு மடியில் ஒரு கைப்பிடிக் கூட்டோடு வந்தாள். அதற்கடுத்த பருவம் அதுவும் இல்லை. அவளிடம் மிச்சம் இருந்த நூல் ஓர் ஆளுக்குப் போர்த்தத்தான் காணும். அதைத் தனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தோம்.

அந்த நேரம் பார்த்துப் பெரியண்ணன் படுக்கையில் விழுந்தார். கால் வீங்கி, வயிறு வீங்கி, இனி எழமாட்டார் என்று தெரிந்துவிட்டது. பகூலியைக் கூட்டிவரச் சொல்லி அனுப்பினார். நானும் போனேன். அவர் மகன் லலைனா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான்.

"சந்தையில பளபளன்னு ஒரு துணி விக்கிறானாம்" என்றார் பெரியண்ணன். "அதுல என்னக் கட்டிராதீங்கன்னு இவன்கிட்ட சொன்னேன். பட்டு எங்கப்பா கெடைக்கும்ங்கிறான். பகூலி, உன்கிட்ட இருக்காம்ல?"

"இருக்கு பெரியத்தான்."

"எனக்கு நெய்வியா?"

"நெய்யறேன்."

இவ்வளவுதானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விலாவில் இடித்தேன். அவள் வாயே திறக்கவில்லை. கடைசியில் அவர்தான் திறந்தார்.

"நீ கேப்பேன்னு பாத்தேன்."

"கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு பெரியத்தான்."

அவர் மகனைப் பார்த்து, "என்ன உள்ள வைக்கிற அன்னிக்கு அவ பிள்ளையையும் எடுத்து உள்ள வைங்க. பெரியவங்க கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். அங்கதான போறேன்" என்றார்.

எங்கள் முற்றத்துக்கு வந்ததும் பகூலி என் கோழியைப் பிடித்து ஒரு முத்தம் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளை அப்படிச் சந்தோஷமாய் நான் அதற்குமுன் அந்தக் கோணல் நாற்று நட்ட அன்றைக்குத்தான் பார்த்திருந்தேன்.

தறியிலேயே கிடந்தாள். சமையல் நான் செய்தேன். நெய்துகொண்டே என்னோடு என்னென்னவோ பேசினாள். பிள்ளையைப் பாட்டிக்கும் ரட்சிம்பாவுக்கும் நடுவில் வைக்கச் சொல்லவேண்டும், கதவுப் பக்கம் வேண்டாம், காற்று வரும். நல்ல பெயர் ஒன்று வைக்கவேண்டும், எலி என்றே உள்ளே அனுப்பமுடியுமா? அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணி, நாணப்பக்கம்னு நீயா நெனச்சதுதான? வச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் பாக்கி. கேட்டுக்கலாமே."

அவள் கை நின்றது. "துணியக் குடுக்கப் போறப்ப கேட்டுக்கறேன்" என்றாள். ஆனால் அதற்கப்புறம் தறியில் ஓடம் வேகமாக ஓடியது.

துணியை எடுத்துக்கொண்டு போனபோது பெரியண்ணனுக்குப் பேச்சு போய்விட்டிருந்தது. துணியை அவர் கைக்கடியில் வைத்தோம். தடவிப் பார்த்தார், கண்ணோரம் நீர் வழிந்தது. பகூலி அவர் காதோரம் குனிந்தாள்.

"பெரியத்தான், எங்க வச்சீங்க?"

உதடு அசைந்தது.

"நாணப்பக்கமா? தலைய ஆட்டினாப் போதும். நாணப்பக்கமா?"

தலை ஆடவில்லை. கையை மெல்லத் தூக்கினார், தெற்கே காட்டினார், கை விழுந்துவிட்டது. எங்கள் வயல் முழுக்கவே தெற்கேதான் இருக்கிறது.

அவரை அண்ணியின் புதுப் பட்டில் சுற்றிக் கொண்டுபோன நாள், லலைனா அப்பன் சொல்லைத் தட்டவில்லை. கல்லறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, நாலு ஆட்களை மண்வெட்டியோடு வயலுக்குக் கூட்டிவந்தான். ஊர்ப் பெண்கள் எல்லாம் வரப்பில் நின்றார்கள். அதில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தச் சேற்றில் ஒன்று உண்டு.

நாணல் பக்கம் வெட்டினார்கள். தண்ணீர் ஊறியது, இறைத்துவிட்டு வெட்டினார்கள். தள்ளி வெட்டினார்கள். வரப்பை இடித்து அதற்கடியில் வெட்டினார்கள். பகூலி புடைத்த விரல்களால் ஒவ்வொரு வெட்டுச் சேற்றையும் பிசைந்து பார்த்தாள். வேர் வந்தது, நத்தைக் கூடு வந்தது. எத்தனை வெள்ளம் அந்த வயலைப் புரட்டியிருக்கிறது, எத்தனை உழவு. எலும்பே கட்டாத பிள்ளை என்றுதானே கொண்டுபோய் வைத்தார்கள்? சேறு அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டது.

வெயில் இறங்க ஆரம்பித்ததும் லலைனா அவள் பக்கத்தில் வந்து குந்தினான்.

"சித்தி, இருட்டுறதுக்குள்ள கதவ மூடணும். ஒரு பிடி மண்ண எடுத்துத் துணியில கட்டிக்கோங்க. உள்ள வச்சிடலாம். அதுவும் அவதான்."

அவள் ஒரு பிடி எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வரப்பில் நின்ற பெண்களை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விரலை விரித்து விட்டுவிட்டாள்.

"இதுல யாரு பிள்ளையோ. நான் என் பிள்ளையத்தான கேட்டேன்" என்றாள்.

"அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"மூடிக்கோங்க."

லலைனா எழுந்து போனான். ஆட்களும் போனார்கள். எல்லாரும் நகர்ந்த பிறகு அவள் இடுப்பிலிருந்து முழத்துணியை எடுத்து, நாற்று நடுவதைப் போலக் கட்டைவிரலால் சேற்றுக்குள் அழுத்தினாள். முழங்கை மூழ்கும்வரை அழுத்தினாள். சேற்றில் பட்டு வைப்பது எங்கள் பக்கத்தில் கேட்டறியாத விஷயம். தூரத்தில் லலைனா திரும்பிப் பார்த்தான், பிறகு குனிந்து வேட்டியில் ஒட்டிய சேற்றைத் தட்ட ஆரம்பித்தான்.

அதன்பிறகு அவள் தறியைத் தொடவில்லை. காடு மறுபடி துளிர்த்தது, புழு திரும்பி வந்தது. பெண்கள் கூடையோடு போகும்போது வாசலில் நின்று கூப்பிடுவார்கள். படுத்தபடியே கையை ஆட்டிப் போகச் சொல்லிவிடுவாள். வரவரச் சாப்பாடு குறைந்தது. வாயில் ஒரு பல்கூட இல்லை, வறுத்த புழுவைக் கொடுத்தாலும் மெல்ல முடியவில்லை, கஞ்சிதான்.

மழை தொடங்கிய ஒரு காலையில் லலைனாவைக் கூப்பிடச் சொன்னாள். இப்போது அவன்தானே மூத்தவன்.

"டேய், நான் செத்தா எனக்குப் பட்டு வேணாம். கல்லறையும் வேணாம். வயல்ல வச்சிடுங்க."

அவன் பதறிப்போனான். "என்ன சித்தி பேசறீங்க! சூனியக்காரிங்களத்தான் வெளிய போடுவாங்க. ஊரு எங்க மூஞ்சியில துப்பும்."

"உங்கப்பன் சொன்ன சட்டந்தான்டா. பல்லில்லாதவங்களுக்குப் பட்டு இல்ல, கல்லறை இல்ல." வாயை ஆவென்று திறந்தாள். வெறும் ஈறு. "நல்லாப் பாரு. இருக்கா?"

லலைனா என்னைப் பார்த்தான். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மூடவே இல்லை. அவன் எழுந்து வெளியே போகும்வரை வாயைத் திறந்தபடியே இருந்தாள்.

அந்த மழைக்காலத்துக்குள் போய்விட்டாள். நான் கத்தினேன், சண்டை போட்டேன், அவள் கேட்டதைச் செய்யுங்கள் என்று ஒவ்வொரு வீடாய்ப் போய்ச் சொன்னேன். கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்தே சொன்னார்கள். எத்தனை பேரைப் போர்த்தியவள், அவளை வெறும் சேற்றில் விடலாமா என்று ஊர்ப் பெண்கள் எல்லாம் சேர்ந்து, அவரவர் வைத்திருந்த நூலைப் போட்டு, நல்ல பட்டாகவே நெய்து எடுத்துவந்தார்கள். பாசத்தோடுதான் செய்தார்கள், அதுதான் கொடுமை. வாத்தியம் வைத்து, தோளில் தூக்கி ஆடிக்கொண்டு கொண்டுபோய், மேல்தட்டில் ரட்சிம்பாவுக்குப் பக்கத்தில் ஈரம் படாத நல்ல இடமாகப் பார்த்து வைத்தார்கள்.

கதவுக் கல்லைச் சாத்திவிட்டு லலைனா என்னிடம் வந்தான். அழுதிருந்தான்.

"அத்தே, சித்திக்கு ஒரு கொறையும் வைக்கல. இனிமே நம்ம ஆளுங்களோட இருப்பாங்க."

"எல்லாரும் இருக்காங்கடா" என்றேன். "அவ பிள்ளையத் தவிர."